தீவில் திவசச் சோறு

இன்று என் மனைவியின் திவசம். படைத்த சோற்றைக் காகம் எடுத்தால்தான் அவள் சாப்பிட்டதாக அர்த்தம். நியூசிலாந்தில், இந்த ஓக்லாந்தில் காகத்துக்கு எங்கே போவது?

மகள் பறவைகள் பார்க்க ஒரு தீவுக்குப் படகில் கூட்டிப் போனாள். சோற்றுப் பெட்டியையும் கொண்டு போனேன். மதியச் சாப்பாடு என்று நினைத்திருப்பாள்.

கரைப்பாறையில் ஒரு பிடி வைத்து, "கா, கா" என்று கூப்பிட்டேன்.

முதலில் ஒரு கடற்புறா வந்தது. அது வாய் வைக்குமுன் புகேகோ என்கிற நீலக்கோழி பாய்ந்து அதன் கழுத்தைக் கவ்வியது. காலால் மிதித்துக்கொண்டு மண்டையிலேயே கொத்தியது. வெள்ளை இறகெல்லாம் இரத்தம். கடற்புறா திமிறி அதன் கண்ணுக்குக் குறிவைத்தது.

"அப்பா, என்ன வேலை பார்த்தீங்கள்?"

தீவுக் காவலர் பெண் ஓடிவந்து தொப்பியால் அடித்து விலக்கினாள். கடற்புறா தள்ளாடிப் பறந்தது. காவலர் பெண் என்னைப் பார்த்து ஆங்கிலத்தில் ஏதோ கோபமாகக் கதைத்தாள்.

"சாப்பாடு போடக்கூடாதெண்டு போர்டில எழுதியிருக்காம்," என்றாள் மகள்.

"தமிழிலயோ? பள்ளிக்கூடமே போகாத நான் இந்த வயசில இப்பதானே, பிள்ளை, தமிழே வாசிக்கப் பழகினனான்."

ஆனால் அந்த அடிபிடிக்குள்ளும் நீலக்கோழி சோற்றை விழுங்கியதை நான் கண்டேன். தன் தட்டில் எவரையும் கைவைக்க விடாதவள் என் மனைவி. வந்தது அவளேதான்.

அடி வாங்கிய கடற்புறா யாருடைய ஆள் என்றுதான் தெரியவில்லை. உங்கள் வீட்டிலும் இன்று திவசமோ?