ஏழாம் பட்டன் கேட்ட மன்னிப்பு

மழை பெய்தால் ஏழாம் பட்டன் மட்டும் ஏன் தன்னைத்தானே அழுத்திக்கொள்கிறது? கீபேடின் ஒன்பது பட்டன்களையும் என் கையாலேயே ஈயம் வைத்துப் பொருத்தினேன். எனக்கே இன்னும் தெரியவில்லை.

ஒரு பார்சல் கம்பெனியின் வாடிக்கையாளர்கள் அனுப்பும் செய்திகளுக்கு வீட்டிலிருந்தே பதில் எழுதுவது என் வேலை. முதல் மூன்று மாதம் தற்காலிகம். மகளுக்கு எட்டு மாதம். அவளை இடுப்பில் வைத்தால் ஒரு கைதான் மிச்சம், பதில் தாமதமாகிவிடும். அதனால்தான் அந்தச் சின்ன கீபேடைச் செய்தேன். ஒரு பட்டனைத் தட்டினால் முழு வாக்கியமும் போய்விடும். முதலாவது 'வணக்கம்'. நான்காவது 'உங்கள் பார்சல் வந்துகொண்டிருக்கிறது'. ஏழாவது 'நடந்ததற்கு மனமார மன்னிப்புக் கேட்கிறோம்'.

சர்க்கிட் போர்டும் பட்டன்களும் தபாலில் வந்தன. ஈயம் பிடிக்கப் பூசும் பேஸ்டை ஹட்டனில் ரேடியோ திருத்தும் கடையில் வாங்கினேன். மகளைப் பக்கத்து வீட்டில் விட்டு, ஜன்னலைத் திறந்துவைத்து வேலை செய்தேன். ஈயம் பிள்ளைக்கு ஆகாதென்று கையை மூன்று முறை கழுவினேன். போர்டில் மிஞ்சிய பேஸ்டைத்தான் துடைக்கவில்லை. துடைத்தால் ஏதாவது கழன்றுவிடுமோ என்று பயம்.

இரண்டு வாரம் நன்றாக ஓடியது. பிறகு மழை பிடித்துக்கொண்டது, மூடுபனி வீட்டுக்குள்ளேயே வந்தது. பூண்டுலோயாவில் கடை வைத்திருக்கும் ஒரு முஸ்லிம் நானா, தன் செருப்புப் பார்சல் எங்கே என்று கேட்டிருந்தார். நான் மகளின் மூக்கைத் துடைத்துவிட்டுத் திரும்புவதற்குள் அவருக்கு முப்பத்தொரு மன்னிப்புகள் போயிருந்தன. அவர் கம்பெனிக்கே போன் எடுத்துவிட்டார். அழைப்பை என்னிடம் கொடுத்தார்கள்.

"தங்கச்சி, நான் கேட்டது ஒரு சோடி செருப்பு. உண்மையச் சொல்லுங்க, ட்ரைவர் மவுத்தாகிட்டாரா?"

"இல்லங்க நானா, உயிரோட நல்லா இருக்காரு."

"அப்ப ஏன் இவ்வளவு மன்னிப்பு? நான் கடையையே பூட்டிட்டேன்."

அதற்கும் மன்னிப்புக் கேட்டேன். கேட்டுக்கொண்டிருக்கும்போதே திரையில் இன்னும் நான்கு போயின.

மேற்பார்வை மிஸ் கத்தவில்லை. "நாளைக்கு உங்க வேலையப் பாத்துத்தான் நிரந்தரமாக்குறதா இல்லையான்னு முடிவு. திரும்ப இப்படி நடந்தா என்னால ஒண்ணும் செய்ய ஏலாது" என்றார்.

என் கணவருக்குத் தேயிலைத் தோட்டத்துத் தொழிற்சாலையில் வேலை. "ஈரந்தான் காரணம். கொழுந்தே அங்க வாடுது, இது வாடாதா?" என்றார். எனக்கும் சரியென்றே பட்டது. இடுப்பில் மகள், துவாய்க்குள் கீபேட். பறித்த கொழுந்தைக் காற்றடித்து வாட்டும் மாடிக்குப் போனோம். தேயிலைத் தயாரிப்பைப் பார்க்கும் டீமேக்கர் ஐயா வாசலிலேயே நிறுத்தி, கீபேடை வாங்கி மோந்து பார்த்தார்.

"ஈய வாசம் அடிக்குதும்மா. தேயிலை எந்த வாசத்தையும் புடிச்சுக்கும். ருசி பாக்குறவங்க 'இதென்ன ரேடியோ வாசம்'னு கேட்டா நான் என்ன சொல்ல?"

"ஓரமா வச்சுக்கிறேங்க ஐயா."

கொழுந்து பரப்பாத கடைசித் தொட்டியில் வைக்கச் சொன்னார். அதன் பிறகு அவரால் சும்மா இருக்க முடியவில்லை. அரை மணிக்கொரு தரம் வந்து, கொழுந்தைப் பார்ப்பதுபோல் விரலுக்கிடையில் அமுக்கினார், மோந்தார். "இன்னும் பச்சையா இருக்கு" என்றார். கடைசியில், "இப்பப் பதம். இதுக்கு மேல விட்டா கெட்டுப் போயிரும்" என்றார். என் கணவர் தலையாட்டினார். நானும் ஆட்டினேன்.

மறுநாள் காலை ஜன்னல் முழுக்கப் பனி. வீட்டில் சுடுநீர்ப் பை ஒன்றுதான், அது மகளுடையது. அதைக் கீபேடுக்கு அடியில் வைத்தேன். மகளை என் ஸ்வெட்டருக்குள் வைத்துக்கொண்டேன். மதியம் அவள் ஒரு தும்மல் போட்டாள். மனம் கேட்காமல் பையை அவளிடம் மாற்றினேன். அந்த நிமிடம் பார்த்து ஏழாம் பட்டன் ஒரேயொரு மன்னிப்பை அனுப்பியது. நல்லவேளை, அது பீங்கான் கோப்பைகள் உடைந்து வந்ததாக எழுதியவருக்குப் போனது. 'பொருத்தமான, உடனடிப் பதில்' என்று மிஸ் குறித்திருந்தார். வேலை நிரந்தரமானது.

கையைக் கழுவிய அக்கறையில் பாதியைப் போர்டுக்கும் காட்டியிருக்கலாம் என்பதுதான் நான் கற்றது. அதுவும் சரிதானா என்று தெரியவில்லை. காய்ந்த பேஸ்ட்தான் ஈரத்தை இழுக்கிறதா? துடைப்பதென்றால் எதனால் துடைப்பது? கையில் கிடைத்ததையெல்லாம் வாயில் வைக்கிற பிள்ளை இருக்கும் வீடு இது. தெரிந்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள். மழை இன்னும் விடவில்லை, சுடுநீர்ப் பையும் ஒன்றுதான் இருக்கிறது.