காது நல்லம் என்ற துண்டு

காது கேட்கிறது என்று ஆஸ்பத்திரி ஒரு துண்டுச் சீட்டு தந்துவிட்டால், அந்தப் பிள்ளையை அடிக்க உங்களுக்கு உரிமை வந்துவிடுமா?

தனக்கு வந்துவிட்டது என்றுதான் ஸஹீத் நினைத்தார். கல்முனையிலிருந்து தினமும் சம்மாந்துறை அரிசி ஆலைக்கு வேலைக்குப் போகிறவர். மகள் இன்ஷிரா நான்காம் வகுப்பில் படித்த காலம். சொல்வதெழுதலில் பாதி வரி விடுபட்டிருக்கும். "கொப்பியை எடு, முப்பதாம் பக்கத்தைத் திற, மூன்றாம் கணக்கைச் செய்" என்று டீச்சர் சொன்னால், கொப்பியை எடுத்து வைத்துவிட்டு அடுத்தவள் முகத்தைப் பார்ப்பாள். ஒரே நீள மண்டபத்தில் நாலு வகுப்புகள். நடுவே பலகைத் தட்டிகள்தான். புள்ளி குறைந்தவர்களுக்குக் கடைசிப் பெஞ்சு, அதாவது பின் வாங்கு. அதன் முதுகோடு பக்கத்து வகுப்பின் வாய்ப்பாட்டுச் சத்தம். கேட்கத் திணறுகிற பிள்ளையைத் தேடிப் பிடித்துச் சத்தத்துக்குள்ளேயே உட்கார வைத்தார்கள். அதை அநியாயம் என்று ஒருவரும் சொல்லவில்லை.

ஸஹீத் மகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அடைத்த அறையில், சின்னச் சின்ன ஒலிகளுக்கெல்லாம் அவள் கை உயர்த்தினாள். கிடைத்த துண்டோடு அவர் நேரே வகுப்பு டீச்சர் பாஹிமாவிடம் போனார்.

"காதுல ஒரு குறையும் இல்ல டீச்சர். எல்லாம் கள்ளம். இனி நல்லா அடிங்க."

"அப்ப இவ்வளவு நாளும் என்னப் பேய்க்காட்டியிருக்காள்!"

"வாப்பா, எனக்குக் கேக்குது. எல்லாரும் கதைக்கக்குள்ளதான் விளங்குதில்ல," என்றாள் இன்ஷிரா.

"கேக்குதாம், விளங்குதில்லையாம்! கோட்டுல நிக்கிற லோயர் மாதிரிக் கதைக்காள்," என்று வாப்பா சிரித்தார்.

அடி விழுந்தது. பத்தாம் வகுப்போடு அவள் நின்றுவிட்டாள்.

போன அறுவடைக் காலத்தில் ஒருநாள், வாப்பாவுக்குச் சோறு கொண்டு ஆலைக்குள் வந்தாள். இயந்திரம் ஓடினால் அங்கே கத்தினாலும் விளங்காது. அதனால் யாரும் கத்துவதில்லை. தோளில் தட்டி, முகத்தைப் பார்க்கவைத்து, ஒரு நேரத்தில் ஒரு விசயத்தைக் கையால் சொல்வார்கள். ஆலையின் மூத்த தொழிலாளி கச்சிமுகம்மது காக்கா விளையாட்டாக அவள் தோளைத் தட்டிச் சைகை காட்டினார். அவள் சாக்கு ஊசியை எடுத்துக் கொடுத்தாள். பிறகு நூல், பிறகு தண்ணீர்ப் போத்தல். ஒன்றும் தவறவில்லை.

இயந்திரம் நின்றதும் காக்கா கூவினார்: "டேய் ஸஹீத், உனக்கு இதப் பழக்க எனக்கு ஆறு மாசம் போச்சு! உன்ட மகள் ஒரு நாளையில புடிச்சிட்டாள்!"

எல்லோரும் சிரித்தார்கள். ஸஹீத் சோற்றுப் பாத்திரத்தை மூடி வைத்தார். நல்ல காதுள்ள ஆண்கள் சத்தத்துக்குள் பேச்சு விளங்காமல் கையால் பேசுகிற இடத்தில் இருபது வருடம் நின்றவர் அவர். அங்கே ஒருவனையும் கள்ளன் என்று அவர் சொன்னதில்லை.

மறுமாதம் மகளைத் திரும்பவும் கிளினிக்குக் கூட்டிப்போனார். காது ஒலியைப் பிடிக்கிறது, இரைச்சலிலிருந்து பேச்சைப் பிரித்தெடுக்க மூளை சிரமப்படுகிறது, அதில் கவனமும் களைத்துப்போகிறது என்று அங்கே விளக்கினார்கள். முன் வாங்கு, ஒவ்வொன்றாகச் சொல்வது, கரும்பலகையில் எழுதிக் காட்டுவது என்று வழிகளும் சொன்னார்கள். நான்காம் வகுப்பிலேயே இதைச் செய்திருக்கலாம்.

"நான்தான் அப்பவே சொன்னனே வாப்பா," என்றாள் இன்ஷிரா.

வீடு வந்ததும் ஸஹீத் கேட்டார்: "திரும்பப் படிக்கிறியா மகள்?"

அவள் சோற்றுப் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்தாள். "என்னோட படிச்ச புள்ளைகள் சோதினையும் எழுதி முடிச்சிட்டாங்க."

உங்கள் பிள்ளையும் பின் வாங்கில் இருக்கலாம். இன்றைக்கே அதன் தோளைத் தொட்டு, முகம் பார்த்துக் கேளுங்கள். சொல்வதை நம்புங்கள். நாளைக் காலை பள்ளிக்கூடத்துக்குப் போய், முன்னுக்கு ஓர் இடம் கேளுங்கள்.