மாமா விட்ட மீன்

அம்மாவின் தம்பியான என் மாமா பெரிய மீன்பிடிக்காரர் என்பதை அவர் வாயால் கேட்டிருக்கிறோமே தவிர, கண்ணால் கண்டதில்லை. ட்ருகனினா என்ற புறநகரில் எங்கள் வீட்டில் தங்கி, பக்கத்து வேர்ஹவுஸில் வேலை செய்துகொண்டிருந்தார். தற்காலிக விசா. ஒரு கோடை விடுமுறையில் எல்லோருமாக மறே ஆற்றுக்குப் போனபோது, அம்மா அரைமனதோடுதான் மீன்குழம்புக்குப் புளியும் தூளும் எடுத்து வந்தார்.

மத்தியானம் தூண்டில் வளைந்தது. வெகுநேரம் மல்லுக்கட்டி மாமா கரைக்குக் கொண்டுவந்ததைக் கண்டு எனக்கு மூச்சே நின்றுவிட்டது. என் உயரத்தைவிடக் கொஞ்சம்தான் கட்டை. பாசிப்பச்சை உடம்பெல்லாம் கரும்புள்ளிகள், வெண்ணெய் நிற வயிறு, என் தலை நுழையக்கூடிய வாய். அது பார்த்த பார்வையில் நான் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டேன்.

"இது கலவாய்! கடலிலயிருந்து வழிதவறி வந்திட்டுது," என்றார் மாமா. அம்மா புளியே கரைக்கத் தொடங்கிவிட்டார்.

அப்போது சீருடையோடு மீன்வள அதிகாரி ஒருவர் வந்தார். மாமாவின் முகம் பேயறைந்தது போலாயிற்று. "அவரிட்டக் கேள் பிள்ளை, விசாவை வெட்டிப்போடுவினமோ?" என்று என் தோளைப் பிடித்தார்.

அதிகாரி கோபிக்கவேயில்லை. கையை நனைத்துக்கொண்டு மீனைத் தண்ணீரில் தாங்கியபடியே எனக்கு ஆங்கிலத்தில் சொன்னார். இது மறே கொட், இந்த ஆற்று மீன்தான். தாய் மீனாக இருக்கும், உன் அம்மாவின் வயதுகூட இருக்கலாம். உடம்பு பெருக்கப் பெருக்க முட்டையும் பெருகும். தண்ணீருக்குள் கிடக்கும் மரப்பொந்தில் முட்டையிட்டால், தகப்பன் மீன் செட்டையால் விசிறிக் காவலிருக்கும். இவ்வளவு பெரியதை யாரும் கொண்டுபோகக் கூடாது, விட்டால் போதும்.

"பிரச்சினை இல்லையாம் மாமா. ரிலீஸ் பண்ணட்டாம்."

மாமா திடுக்கிட்டு நிமிர்ந்தார். "ஆரை?"

"மீனைத்தான்!" நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

மாமா ஆற்றில் இறங்கி, மீனின் வயிற்றைத் தன் கைகளில் வாங்கிக்கொண்டார். செவுள் மெல்லத் திறந்து மூடியது. பிறகு வாலை ஒருமுறை அசைத்து மண்ணிறத் தண்ணீருக்குள் போய்விட்டது. அவ்வளவு பெரிய உயிர் ஒரு சத்தமுமில்லாமல் போனது எனக்கு இன்றைக்கும் அதிசயம்தான். கை வெறுமையான பிறகும் மாமா தண்ணீரிலேயே நின்றார்.

அந்த "ஆரை?"யைக் கோயிலிலும் பிறந்தநாள் வீடுகளிலும் நடித்துக்காட்டி எல்லோரையும் சிரிக்கவைத்தேன். மாமா மட்டும் எழுந்து வெளியே போவார். எங்கள் வீட்டுத் தொலைபேசிப் பேச்சில் ரிலீஸ் என்ற சொல் அகதிகள் தடுப்பு முகாமில் இருப்பவர்களுக்கு மட்டுமே உரியது என்று அப்போது எனக்குத் தெரியாது. மாமாவோடு ஒரே படகில் வந்த சிநேகிதர் அன்றைக்கும் உள்ளேதான் இருந்தார்.