பதினாலில் நின்ற மழை

சுலக்ஷனா பொகவந்தலாவைக்காரி. ஹட்டனில் ஒரு சிறிய தொண்டு நிறுவனத்தில் கம்ப்யூட்டர் வேலை. பூண்டுலோயாப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களுக்கு மேலேயிருக்கும் பள்ளிக்கூடக் கூரையில் மழைமானி ஒன்றை வைத்ததும், அது அனுப்பும் அளவை ஹட்டன் சர்வரில் வாங்கும் புரோகிராமை எழுதியதும் அவள்தான்.

அன்று பகல் இரண்டு மணிக்கு அந்த லயத்து மாதர் சங்கத் தலைவி காளியாயி போன் செய்தாள். மேட்டிலிருந்து சேற்றுத்தண்ணி வருகிறதாம், ஆட்களைக் கிளப்பவா என்று கேட்டாள். காலையிலிருந்து பெய்தது திரையில் பதினாலு மில்லிமீட்டர்தான். பயப்பட வேண்டாம், வீட்டிலேயே இருங்கள் என்றாள் சுலக்ஷனா.

அரை மணி கழித்தும் அதே பதினாலு. ஹட்டனிலேயே மழை கொட்டிக்கொண்டிருந்தது. கடைசி அளவு வந்த நேரத்தைப் பார்த்தாள்: ஒன்று பத்து. ஆனால் இணைப்பு இருப்பதாகவே சர்வர் சொன்னது.

சர்வரின் பதிவேடான லாக்கைத் திறந்தபோதுதான் விளங்கியது. அங்கே கரண்ட் போய் ரவுட்டர் அணைந்திருக்கிறது. இணைப்பு அறுந்த செய்தி சர்வருக்கு வரவேயில்லை. அது செத்த இணைப்பைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது. கரண்ட் வந்ததும் மழைமானி நிமிடத்துக்கொரு தரம் புதிதாக இணையப் பார்த்திருக்கிறது. ஒரு மானிக்கு ஒரு இணைப்புத்தான் என்று அவள் எழுதி வைத்த விதி ஒவ்வொரு தரமும் அதைத் திருப்பி அனுப்பியிருக்கிறது.

பழைய இணைப்பைத் துண்டித்தாள். அடுத்த நிமிடமே எண் மாறியது: தொண்ணூற்றாறு.

காளியாயிக்குப் போன் மூன்றாம் தரந்தான் கிடைத்தது.

"அக்கா, எல்லாரையும் கூட்டிக்கிட்டு உடனே ஸ்கூலுக்குப் போங்க."

"இப்பதானே புள்ள, பயமில்லன்னு சொன்ன?"

"ஒன்னு பத்துக்கு வந்த பழைய அளவப் பாத்துச் சொல்லிட்டேன். என் தப்புக்கா. போங்க."

நாலு மணிக்கு மேடு சரிந்து, கடைசி மூன்று வீடுகளின் குசினிகளை அடுப்போடு சேர்த்துச் சேறு மூடியது. உள்ளே யாருமில்லை. ஆனால் பள்ளிக்கூடத்துக்கு அவசர அவசரமாக ஏறும்போது லயத்துக் கிழவர் மூக்கன் தாத்தா படியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். இரண்டு மணிக்கே கிளம்பியிருந்தால் நாலு பேர் கைத்தாங்கலாகக் கூட்டிப் போயிருப்பார்கள். அந்த நினைப்பு சுலக்ஷனாவைத் தூங்கவிடவில்லை.

பத்து நிமிடம் அளவு வராவிட்டால் இணைப்பைத் தானே துண்டித்து, திரையில் சிவப்புக் காட்டும்படி புரோகிராமைத் திருத்தினாள். நுவரெலியா ஆஸ்பத்திரிக்குப் போய் நடந்ததைத் தாத்தாவிடம் ஒளிக்காமல் சொன்னாள். அவர் பாதி கேட்டார், பாதி கேட்கவில்லை. போன் பண்ணி உசுரைக் காப்பாத்துன புள்ள என்று பக்கத்துக் கட்டில்காரருக்குக் காட்டினார்.

காளியாயி அப்படிச் சொல்லவில்லை. திட்டவுமில்லை. இப்போதும் மழை பெய்தால் போன் செய்கிறாள். எண்ணைச் சொன்னதும் கேட்கிறாள்:

"இது எத்தன மணிக்கு உள்ளது?"