கிணற்றடிச் சேறு

தாமிரபரணிக் கரையில் பிறந்தவளைச் சிவகாசியில் பட்டாசுக்காரருக்குக் கட்டிக்கொடுத்தால் என்ன நடக்கும்? கிணற்றடியில் சண்டை நடக்கும். என் கணவருக்கு விஸ்வநத்தத்தில் பட்டாசு ஆலை. வெயில் கொளுத்தினால் உற்சாகமாக இருப்பார். மேகம் கறுத்தால் அவர் முகமும் கறுத்துவிடும்.

வீட்டுக்குப் பின்னால் கிணற்றடியில், குளித்த தண்ணீரும் துவைத்த தண்ணீரும் தேங்கும் மூலை ஒன்று இருந்தது. கரிசல் மண்ணா, கால் வைத்தால் செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும். அங்கே தோட்டம் போட ஆசைப்பட்டேன்.

"சேறு காஞ்சதும் பெட்டி அடுக்கக் கொட்டகை போடணும். அதுவரைக்கும் நீ என்னமும் வச்சுக்க" என்றார்.

ரோஜா வைத்தேன், வேர் அழுகியது. கனகாம்பரமும் அப்படியே போனது. இரக்கப்பட்டு அவரே மிளகாய் நாற்று வாங்கிவந்து நட்டார். அது வாடியதும், "தண்ணி பத்தலை போல" என்று சேற்றில் இன்னொரு வாளி ஊற்றினார்! மழையை நம்பிப் பயிர் செய்த வம்சம். செடி வாடினால் அவருக்குத் தெரிந்த காரணம் அது ஒன்றுதான். நான் சிரித்த சிரிப்பில் அவர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

பிறகுதான் எனக்கும் புத்தி வந்தது. பிறந்த வீட்டு வாய்க்கால் ஓரத்தில் யாரும் வைக்காமலே மண்டிக்கிடந்த கல்வாழை, சேம்பு, வல்லாரை மூன்றையும் ஈரச்சாக்கில் சுற்றி பஸ்ஸில் கொண்டுவந்தேன்.

"எல்லாரும் பொறந்த வீட்டுலருந்து பலகாரம் கொண்டாருவாக. இவ சேத்தைக் கொண்டாந்திருக்கா" என்றார்.

அவர் கேலி செய்யச் செய்யக் கல்வாழை ஆள் உயரம் வளர்ந்து சிவப்பாகப் பூத்தது. சேம்பிலை முறம் அகலம் விரிந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அவை குடித்த குடியில் அடிமண் காய்ந்துகொண்டு வந்ததை மட்டும் நான் கவனிக்கவில்லை.

பங்குனியில் கொத்தனாரை அழைத்துவந்தார். கொத்தனார் செடிகளுக்கு நடுவே நின்று தரையை ஓங்கி மிதித்தார். "நல்லா இறுகிப்போச்சு மொதலாளி. நாளைக்கே வேலையை ஆரம்பிச்சிருவமா?"

எனக்கு அழுகையே வந்துவிட்டது. பாடுபட்டுச் செடி வளர்த்து, அவர் கொட்டகைக்கு நானே தரையைக் காயவைத்துக் கொடுத்திருக்கிறேன்!

அவர் குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்தார். வெடிமருந்தில் துளி ஈரம் இருந்தாலும் விரலால் தொட்டே சொல்லிவிடுகிறவர். விரலிடுக்கில் மண் பொலபொலவென்று உதிர்ந்தது.

"இன்னும் ஈரமால்லா இருக்கு" என்றார் கொத்தனாரிடம், என் பக்கம் திரும்பாமல். "பெட்டியெல்லாம் நமுத்துப்போகும். வேற எடம் பாப்பம்."