சரசு நாற்காலியில் உட்கார்ந்த நாள்

அடி அண்ணாமலைப் பக்கம் கிரிவலப் பாதையைக் கூட்டுகிற ஒப்பந்தத் தொழிலாளி சரசு. வயது நாற்பத்திரண்டு. குத்தகை நிலத்தில் மணிலாக் கடலை போட்டுப் பிழைத்த குடும்பம். கிணறு வற்றிய வருடம் கணவன் சகாதேவன் ஆட்டோ ஓட்டப் போனான், அவள் துடைப்பத்தைக் கையில் எடுத்தாள். ஆறு வருடமாகிறது. பௌர்ணமிக்கு மறுநாள் என்றால் இடுப்பு ஒடிந்துவிடும்.

இந்தச் சித்ரா பௌர்ணமிக்கு மறுநாள் காலை அவள் வந்தபோது, முப்பது பிள்ளைகள் கையுறையும் தொப்பியுமாகப் பாதையில் நின்றிருந்தார்கள். சுற்றுச்சூழல் கோடை முகாமாம். முகாமை நடத்தும் பிரகாஷ் ஒரு நாற்காலியை மர நிழலில் போட்டார்.

“அக்கா, இன்னிக்கு உங்களுக்கு ரெஸ்ட். பசங்க கூட்டுவாங்க, நீங்க உட்காருங்க.”

“ஐயோ, மேஸ்திரி பார்த்தா திட்டுவாரு சார்.”

“அவர்கிட்ட சொல்லியாச்சுக்கா.”

நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள் சரசு. ஒரு கார் போனாலும் எழுந்தாள். இது மரியாதையா, இல்லை வேலையை விட்டு நிறுத்தப் போகிறார்களா? நாளையிலிருந்து பிள்ளைகளை வைத்தே கூட்டிவிடுவார்களோ? அவளுக்கே சிரிப்பு வந்தது. ஆனாலும் சந்தேகம் போகவில்லை. பொறுக்க மாட்டாமல் துடைப்பத்தை எடுத்தாள். பிரகாஷ் சிரித்துக்கொண்டே அதை வாங்கி ஓரமாக வைத்தார்.

அபிநயா என்ற பத்து வயதுப் பெண் நோட்டுடன் வந்தாள். “அக்கா, எந்தக் குப்பை ஜாஸ்தி வரும்?”

“தண்ணி பாட்டிலு, டீ கப்பு. அன்னதானத் தட்டு அதுக்கும் மேல.”

எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள் அபிநயா.

பதினோரு மணிக்குள் பிள்ளைகள் மூன்று சாக்கு நிரப்பிவிட்டார்கள். பாட்டில் ஒன்றில், காகிதம் ஒன்றில், சாப்பாட்டு மிச்சம் ஒன்றில். குப்பை வண்டி வந்தது. டிரைவர் பலராமன் காகிதச் சாக்கையும் சாப்பாட்டுச் சாக்கையும் அவிழ்த்து ஒரே தொட்டியில் கொட்டினான்.

அபிநயா ஓடினாள். “அண்ணா, அது தனித்தனியா வச்சது!”

“வண்டில ஒரே தொட்டிதான் பாப்பா.”

பிரகாஷ் முகம் சுருங்கிப்போனது. யாருக்கோ போன் செய்யத் தள்ளிப் போனார். அபிநயா சரசுவிடம் திரும்பினாள்.

“அப்போ நாங்க எதுக்குக்கா பிரிச்சோம்?”

வண்டியில் ஒரே தொட்டி என்பது சரசுவுக்குத் தெரியாததா? காலையிலேயே சொல்லியிருக்கணுமோ? அவளை யார் கேட்டார்கள்? இப்போது சொன்னால் பிள்ளையின் முகம் வாடும். சொல்லாவிட்டால் பொய்யாகும்.

“தெரியலமா,” என்றாள். அதையும் நோட்டில் எழுதிக்கொண்டது பிள்ளை. சரசுவுக்கு வெட்கமாக இருந்தது.

பலராமன் கடைசிச் சாக்கைத் தூக்கினான். பாட்டில் சாக்கு. சரசு போய்ப் பிடித்துக்கொண்டாள்.

“இத வுடுண்ணா.”

“எதுக்கு?”

“எதுக்கோ. வுடேன்.”

பலராமன் தலையில் அடித்துக்கொண்டு வண்டியை எடுத்தான். முகாம் வேனில் ஏறிய அபிநயா கண்ணாடி வழியே கை ஆட்டினாள். மாலையில் சகாதேவன் அந்தச் சாக்கை ஆட்டோவில் ஏற்றிப் பழைய சாமான் கடையில் இறக்கிவிட்டு வந்தான்.

இப்போதும் சரசு பாட்டிலைத் தனிச் சாக்கில்தான் போடுகிறாள். மேஸ்திரி செய்யச் சொல்லவும் இல்லை, வேண்டாமென்று தடுக்கவும் இல்லை. “உனக்கு இன்னாத்துக்கு இந்த வேலை?” என்று சகாதேவன் ஒவ்வொரு பௌர்ணமிக்கும் கேட்கிறான். பிரித்தால் நல்லது என்கிறாள். யாருக்கு நல்லது, எப்படி நல்லது என்று அவன் மடக்கினால் பாதியிலேயே அவளுக்குக் குழம்பிவிடுகிறது.