அண்ணன் தொட்டுப் பார்க்காத கியர் பாக்ஸ்

அண்ணனின் முதலாண்டு நினைவு மலரில் எழுத வேண்டியவள் அவருடைய மகள். புத்தூரிலிருந்து ஞாயிறு தவறாமல் ஸ்ரீரங்கத்துக்கு வந்து அவருக்கு ஆக்கிப்போட்டவள் அவள். நானோ கனடாவில் உட்கார்ந்துகொண்டு போனில் பாசம் காட்டியவன். ஆனாலும், "நீங்களே எழுதுங்க சித்தப்பா" என்று என் தலையில் கட்டிவிட்டாள். அதற்குக் காரணம் இருக்கிறது.

அண்ணன் உப்பிலியபுரத்தில் பிறந்தார். அப்பா காலமானபோது அவருக்குப் பதினாறு வயது, எனக்கு ஏழு. படிப்பை நிறுத்திவிட்டுத் திருச்சிக்கு வந்து லாரிப் பட்டறையில் சேர்ந்தார். கியர் பாக்ஸ் வேலையில் அவருக்கு நிகர் அவரே. லாரி பட்டறைக்குள் திரும்பும்போதே எந்தப் பல் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். டிரைவர் செய்த தப்பை ஓனரிடம் காட்டிக்கொடுக்கவே மாட்டார். அந்தச் சம்பாத்தியத்தில்தான் என்னை இன்ஜினியர் ஆக்கினார். அந்த இன்ஜினியருக்கு ஒரு போல்ட்டை ஒழுங்காகக் கழற்றத் தெரியாது என்பது வேறு விஷயம்.

அண்ணி போன பிறகு அண்ணனுக்குப் பேச்சே குறைந்துபோயிற்று. ஸ்ரீரங்கத்தில் விளக்கு வைக்கும் நேரம் எனக்குச் சனிக்கிழமைக் காலை. வாராவாரம் அப்போது வீடியோ காலில் கூப்பிடுவேன். சாப்பிட்டியா, அங்கே குளிரா, உன் பொண்டாட்டி எங்கே என்பார். வேலைக்குப் போயிருக்கிறாள் என்பேன். இரண்டு நிமிடத்தில் பேச்சு தீர்ந்துவிடும்.

ஒரு சனிக்கிழமை, சொல்ல வேறு விஷயமில்லாமல், என் பழைய பிக்கப் வண்டி ரிவர்ஸிலிருந்து முன்னால் போட்டால் கொஞ்சம் தயங்கி, அப்புறம் உதைத்துக்கொண்டு கிளம்புகிறது என்றேன். ஆட்டோமேடிக் கியர் வண்டி. அண்ணன் ஆயுளில் அப்படி ஒன்றைத் தொட்டதில்லை. கிளட்ச் இல்லாமல் கியர் எப்படி விழும் என்று ஆரம்பித்தவர், முக்கால் மணி நேரம் விடவில்லை. ஆயிலை மோந்து பார்க்கச் சொன்னார், கருகின வாடை வருகிறதா என்று கேட்டார். மறுவாரத்துக்குள் போனில் ஊர்ப்பட்ட வீடியோக்களைப் பார்த்துத் தேறிவிட்டார்.

"பழைய வண்டிடா. ஒரேயடியா கழுவி ஊத்தாதே, தாங்காது. அடித்தட்டைக் கழட்டுனா பாதிதான் எறங்கும். எறங்குனதை அளந்து, அதே அளவு புதுசு ஊத்து. ரெண்டு மாசம் ஓட்டிட்டு மறுபடி செய்யி" என்றார்.

முதல் தடவை நானே வண்டிக்கடியில் படுத்தேன். ஒரு பக்கத்து போல்ட்டுகளை விட்டுவைத்து, தட்டை மெதுவாகச் சாய்க்க வேண்டும் என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். நான் எல்லாவற்றையும் கழற்றினேன். ஆயில் முழுவதும் என் சட்டையில். எவ்வளவு இறங்கியது என்று கேட்டார். சட்டையைப் பிழிந்தா அளக்க முடியும்? அண்ணி போன பிறகு அன்றைக்குத்தான் அவர் வாய்விட்டுச் சிரித்ததைக் கேட்டேன். பிறகு கொஞ்சம் ஊற்றச் சொல்லி, அளவு பார்க்கும் குச்சியை எடுத்துக் காட்டச் சொல்லி, அப்படியே நிரப்ப வைத்தார். பழசும் புதுசும் கலந்து குச்சியில் பழுப்பாக ஒட்டியிருந்தது.

இரண்டாம் தடவைக்குள் பனி கொட்ட ஆரம்பித்துவிட்டது. ஒரு ஒர்க்ஷாப்பில் விட்டேன். மீதி வேலையை அவர்களே முடித்துவிட்டார்கள், தயக்கமும் போயிற்று. அந்தச் சனிக்கிழமை போனைத் திறந்தால், அண்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தயாராக உட்கார்ந்திருக்கிறார். வேலை முடிந்துவிட்டது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பாவம், பேச ஆளில்லாத மனுஷர், இதையும் பிடுங்குவானேன் என்று நினைத்தேன். இன்னும் மாற்றவில்லை என்றேன். அடுத்த வாரம் போல்ட் இறுகிவிட்டது. அதற்கடுத்த வாரம் அடித்தட்டுக்குப் போடும் பேக்கிங் கிடைக்கவில்லை. எட்டு மாதம் இப்படியே சாக்குச் சொல்லி ஓட்டினேன்.

நடுவில் ஒரு நாள் குச்சியைக் காட்டச் சொன்னார். கண்ணில் புரை விழுந்தவருக்கு, அதுவும் போனில், என்ன தெரிந்துவிடப்போகிறது என்று துணிந்து காட்டினேன். கொல்லன் தெருவில் ஊசி விற்கப் போன கதைதான். கொஞ்ச நேரம் பார்த்தார். சரி, அடுத்த வாரம் பார்ப்போம் என்றார்.

சென்ற ஆண்டு வீட்டில் விழுந்து, புத்தூர் ஆஸ்பத்திரியில் நான்கு நாள் இருந்து, அண்ணன் போய்விட்டார். நான் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அம்மா மண்டபத்தில் காரியம் முடிந்து காவிரிப் படியில் உட்கார்ந்திருந்தபோது, அந்த ஆயில் பொய்யை அவர் மகளிடம் சொன்னேன். என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

"அப்பாவுக்கு அப்பவே தெரியும் சித்தப்பா. நீங்க குச்சியைக் காட்டுன மறுநாள் நான் வந்தப்ப சொன்னாங்க. 'தம்பி ஆயிலை மாத்திட்டான், புது ஆயிலு செவப்பா மின்னுது. ஆனா சொல்ல மாட்டேங்குறான். அந்த வீட்டுல அவன் குரலைத் தவிர வேற சத்தமே கேக்கல. பேச ஆளில்ல போலிருக்கு அவனுக்கு. கேட்டுட்டுப் போறான், விடு'ன்னாங்க."

அந்தப் படியிலேயே உட்கார்ந்து அழுதேன். அவருக்குத் துணையாக இருப்பதாக நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்த எட்டு மாதமும் அவர்தான் எனக்குத் துணையாக இருந்திருக்கிறார். அவர் கணக்குத்தான் சரி. நானும் என் மனைவியும் பிரிந்து அப்போதே இரண்டு வருடம். உறவில் யாருக்கும் நான் சொல்லவில்லை. வெட்கம். அண்ணனிடம் மட்டுமாவது சொல்லியிருக்க வேண்டும்.

அண்ணனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடிய பக்கத்து வீட்டாருக்கும், என் இடத்தில் நின்று கொள்ளி வைத்த மருமகனுக்கும், உப்பிலியபுரத்திலிருந்து வேலையைப் போட்டுவிட்டு வந்த சொந்தங்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. உங்களில் பலர் வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்று என்னிடம் கேட்டீர்கள். நானும் சௌக்கியம் என்றேன். அது பொய். நான் தனியாகத்தான் இருக்கிறேன். முடிந்தபோது போன் செய்யுங்கள்.